பில்லைப் பாத்துட்டு சோலார் போடுங்க

ஐயா, 'சோலார் போட்டா கரண்ட் பில்லே இல்லை'ன்னு நம்ம பேப்பர்ல வந்த செய்தியப் படிச்சேனுங்க. எல்லா வீட்டுக்கும் அது கட்டுபடி ஆகாதுங்க. நாங்க பல்லடம் பக்கம், ரெண்டு மாசத்துக்கு 650 யூனிட் ஓடுது, பில்லு 3,400 ரூபா தாண்டும், அதனால 3 கிலோவாட் போட்டோம், மொத்தம் 1,95,000 ஆச்சு, மத்திய அரசோட சூர்யா கர் திட்ட மானியம் 78,000 போக கையிலிருந்து போனது 1,17,000, எப்படியும் ஆறு வருசத்துல எடுத்துடலாம்னு நெனைக்கிறேன். பெருந்துறைல எங்க அத்தை வீட்ல 220 யூனிட்தான், இலவச யூனிட் போக 350 ரூபா கூட வர்றதில்ல, அவங்க கடன் வாங்கிப் போட்டா என்னைக்கு அசலை எடுக்கறது?

அப்புறம் இன்னொண்ணு, கரண்ட் போனா பேட்டரி இல்லாத சோலாரும் சேர்ந்து நின்னுடும், லைன்ல வேலை செய்யறவங்க பாதுகாப்புக்காக அப்படி வெச்சிருக்காங்க, ஆனா இத எங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லல, மத்தியானம் நல்ல வெயில்ல ஃபேன் நின்னப்பத்தான் தெரிஞ்சுது. தறி ஓடற ஊர்ல பேனல் மேல பஞ்சு படியறது தனிக் கதை, வாரம் ஒருக்கா மாடி ஏறி தண்ணி ஊத்திக் கழுவறேன்.

ரெண்டு மாச யூனிட் இவ்வளவுன்னா போட்ட காசு இத்தனை வருசத்துல திரும்பும்னு ஒரு சின்ன அட்டவணைய மின்வாரியம் ஒவ்வொரு செக்ஷன் ஆபீஸ்லயும் ஒட்டி வெச்சா நல்லாருக்குமுங்க.

- ஒரு வாசகர், பல்லடம்