அப்பா உயிரோடு இருக்கிறாரே என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து 2021-ல் ஓய்வு பெற்றவள். வயது 64. கணவர் இறந்த பிறகு, 1988-ல் அந்த வேலைக்கு வந்தேன். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எவ்வளவு, இன்றைக்கு எத்தனை பிள்ளை, முட்டையில் அழுகியது எத்தனை என்று 33 வருடம் ஒரு நாள் விடாமல் பதிவேடு எழுதிய கை இது. தணிக்கைக்கு வந்தவர்கள் யாரும் என் நோட்டில் குறை சொன்னதில்லை. அதனால் விண்ணப்பம், நகல், சான்றொப்பம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. அப்படிப்பட்ட என்னையே ஒரு கேள்வி நாலு வருடத்துக்கு மேலாக மடக்கிப் போட்டிருக்கிறது: "பிள்ளைகளோட அப்பா எங்கே?"

என் மகள் சிறுநீரகம் கெட்டு 2021 ஆகஸ்டில் இறந்துபோனாள். அப்போது பேரன் நாலாம் வகுப்பு, பேத்திக்கு மூன்று வயது. மருமகன் ஆறு மாதம் வந்து போய்க்கொண்டிருந்தார். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்றார். அப்புறம் அங்கேயே ஒரு கல்யாணம். அப்புறம் அவருடைய போன் நம்பர் மாறிவிட்டது. அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டி முடித்துப் பல காலம் ஆகிறது. போலீசில் 'காணவில்லை' என்று எழுதிக் கொடுக்கச் சிலர் யோசனை சொன்னார்கள். அவர் காணாமல் போகவில்லையே! திருப்பூரில் இருக்கிறார். எங்களுக்குத்தான் இல்லை.

அந்த 2021 மே மாதம்தான் அரசு, கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் வைப்பீடு என்றும், ஒருவர் மட்டும் போயிருந்தால் பிள்ளைகளோடு இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ 3 லட்சம் உதவி என்றும் அறிவித்தது. பெற்றோர் இருவரும் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்றும் சொன்னார்கள். நல்ல திட்டம். என் மகள் அதே வருடம்தான் போனாள், ஆனால் வேறு நோயில் போனாள். சரி, அதற்கு யாரை என்ன சொல்ல முடியும்.

முதல் முட்டு ரேஷன் கார்டில். பிள்ளைகள் பெயர் இன்றும் அப்பாவின் கார்டில்தான் இருக்கிறது. அங்கே நீக்கினால்தான் என் கார்டில் சேர்க்க முடியும். நீக்குவதற்கு ஓடிபி அந்தக் கார்டில் பதிந்த நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் எப்போதோ செத்துவிட்டது. நேரில் கேட்டால் குடும்பத் தலைவர் வரவேண்டும் என்கிறார்கள். ஒரு ஆளுக்கான அரிசியை வாங்கி மூன்று வயிற்றுக்குப் பொங்குகிறேன். ஊருக்கே சோறு அளந்து போட்டவள் என்பதால் அளவு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது வங்கி. உதவித்தொகைக்கு வேண்டி இரண்டு பேருக்கும் கணக்கு தொடங்கப் போனேன். 1956-ஆம் வருடத்து இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, சின்னப் பிள்ளைகளுக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. ஆச்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும் என்றால் கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார் மேலாளர். வக்கீலிடம் விசாரித்தேன். என்னைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தில் மனுப் போட வேண்டுமாம், அப்பாவுக்கு நோட்டீஸ் போகவேண்டுமாம், செலவு 15,000 வருமாம். என் சிறப்பு ஓய்வூதியம் அப்போது மாதம் 2,000 ரூபாய். அதற்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் வேலைக்குப் போய்க் கிடைப்பதுதான். நல்லவேளையாக, பத்து வயது நிரம்பிய பிள்ளைகளைத் தாங்களே கணக்கு தொடங்கி நடத்த அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. பேரனுக்கு இப்போது சொந்தக் கணக்கு இருக்கிறது, கையெழுத்தை நாலு முறை பழகிக்கொண்டு போய்ப் போட்டான். பேத்தி மூன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். அவள் பத்து வயதாகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பணத்தை விட்டுத் தள்ளலாம். போன வருடம் ஒரு ராத்திரி பேத்திக்கு வயிற்று வலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். ஒப்புதல் தாளைக் கொண்டுவந்த நர்ஸ், "அப்பா அம்மா யாராவது போடணுமே ஆச்சி" என்றாள். அம்மா இல்லை என்றேன். அப்பா என்றாள். இருக்கிறார், வரமாட்டார் என்றேன். தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்பது நிமிடம். பிள்ளை முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடக்கிறாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வயதான டாக்டர் ஒருவர் வந்து, "வளர்க்கிறது இவங்கதானே, இவங்க போடட்டும்" என்று சொல்லித் தாளை நீட்டினார். அவர் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு அவர் டூட்டியில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

2025 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் பற்றி, வடை மடித்துத் தந்த பழைய பேப்பரில்தான் படித்தேன். 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஒரு பெற்றோர் இறந்து மற்றவரால் கைவிடப்பட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். என் பேரப்பிள்ளைகளைப் போன்றவர்களை நினைத்து யாரோ ஒருவர் அந்த வரியை எழுதியிருக்கிறார். ஆனால் திட்டம் எழுதியவர் ஒருவர், கவுண்டரில் இருப்பவர் வேறொருவர். "அப்பா உயிரோடு இருக்கிறாரே, விட்டுட்டுப் போனதுக்கு ஆதாரம் என்ன?" என்றார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உண்டு, கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்கவேண்டும் என்று குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். வருமானச் சான்று எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. அப்பா இல்லாத சான்றுதான் கிடைக்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். கணவர் விட்டுப் போன பெண்ணுக்கு 'கைவிடப்பட்ட பெண்' என்று தாசில்தார் சான்று தருகிறார். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிக்கிறார், வருவாய் ஆய்வாளர் பார்க்கிறார், சான்று வந்துவிடுகிறது. போன கணவரை யாரும் திருப்பூரிலிருந்து கூட்டி வரச் சொல்வதில்லை. ஒரு மனைவியை விட்டுப் போனதை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இரண்டு பிள்ளைகளை விட்டுப் போனதைத் தெரிந்துகொள்ள முடியாதா? இ-சேவை மையத்தில் சான்றுகளின் பட்டியலை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகளை வளர்க்கிறவருக்கு என்று அதில் ஒன்றும் இல்லை.

வளர்ப்பவர் சான்று என்று ஒன்று கொடுங்கள். ஊர் விசாரணையோடு தலைமை ஆசிரியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்; தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது யார், பெற்றோர் கூட்டத்துக்கு வருவது யார் என்று அவருக்குத் தெரியும். (அந்தக் கூட்டத்தில் மற்ற அம்மாக்கள் என் மகள் வயதில் இருக்கிறார்கள். என்னையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டுப்பாடம் படமாக வருகிறது, எழுத்து சிறிதாக இருக்கிறது.) ரேஷன் கடை, வங்கி, ஆஸ்பத்திரி மூன்றும் அந்த ஒரு தாளை ஏற்கும்படி உத்தரவு போடுங்கள். அதில் இரண்டாவதாக ஒரு பெயருக்கும் இடம் வைக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் போய்விட்டது, பேத்திக்கு 18 ஆகும்போது எனக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நடுவில் ஏதாவது ஆனால் என் அண்ணன் மகள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை இப்போதே எழுதி வைத்துவிட்டால், அவளும் முதலிலிருந்து அலைய வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் மட்டும் ஏழு வீட்டில் பிள்ளைகள் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ வளர்கிறார்கள், ஒரு வீட்டில் பெரியம்மாவிடம். அவர்களில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்தவன் பேரன். பாதியில் நிறுத்தி, "கைவிட்ட அப்பான்னு எழுதணுமா ஆச்சி?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவனே அந்த இடத்திலெல்லாம் 'விட்டுப் போன' என்று மாற்றிவிட்டான். அரசாங்கத்தின் வார்த்தை வருகிற இடத்தில் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். சான்று வந்தால் அதிலும் அந்தச் சொல் வேண்டாம், பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் ஆச்சி,
தூத்துக்குடி மாவட்டம்.