பனியன் மேல் அச்சடிக்கும் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் 2026 உலகக் கோப்பைக் கால்பந்தையும் திருப்பூர் ஆர்டர்களையும் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நூல் விலை, டாலர் விலை எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார் உங்கள் செய்தியாளர். கடைசிப் பத்தியில்தான் வந்தது வினை. 'கொங்கு மண்ணைப் பொறுத்தவரை கால்பந்து என்பது பனியன் மேல் அச்சடிக்கும் படம்தான்' என்று முடித்திருந்தார். எழுத வருகிறது அவருக்கு, மறுக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் பனியன் தொழிலில் இருப்பவன். பவர் டேபிளில் தைத்திருக்கிறேன், செக்கிங் பார்த்திருக்கிறேன், இப்போது சின்னதாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். ஆனால் பனியனுக்கு முன்னாலேயே எனக்குக் கால்பந்து வந்துவிட்டது. 1978ல் நாட்டின் பெரிய கிளப்புகள் மோதும் ஃபெடரேஷன் கோப்பை கோவையில் நடந்தது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இறுதி ஆட்டத்தில் கல்கத்தா அணிகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஒரு கோல்கூட விழாமல் ஆடி, கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன. என் மாமன் என்னைத் திருப்பூரிலிருந்து ரயிலில் கூட்டிப் போனார். கோலே விழாத ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்துப் போன ஆள் என்று என் அம்மா அவரைக் கடைசி வரைக்கும் கேலி செய்தார். கூட்டம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியவர்கள் தலைக்கு நடுவே பந்தைத் தேடியதுதான் ஞாபகம். அந்தக் கூட்டம் கல்கத்தாவிலிருந்தா வந்தது?

பழங்கதை என்பீர்கள். சரி, 2019க்கு வாருங்கள். மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி, பெயர்தான் சென்னை, ஆடியது முழுக்க எங்கள் பக்கம். மினர்வா பஞ்சாப் அணியிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு மூன்று அடித்து, நாடு முழுக்க உள்ள கிளப்புகள் ஆடும் ஐ-லீக்கில் சாம்பியன் ஆனது. ஸ்பெயினில் ஆடிவிட்டு இங்கே வந்த பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். நாட்டின் பெரிய லீக் கோப்பை ஒன்று கோயமுத்தூரில் தூக்கப்பட்டது. மறுநாள் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மேலே யார் படம்? ஐபிஎல் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வலையில் பயிற்சி எடுக்கும் கிரிக்கெட் வீரர் படம் மேலே. சாம்பியன்கள் கீழே, ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

இன்னும் பின்னால் போகவும் என்னிடம் சங்கதி இருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வருகிற வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்ற ராணுவப் பயிற்சி மையம். அதன் அணி 1955லும் 1958லும் நாட்டின் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை வென்றது. அதற்கு ஆடிய பீட்டர் தங்கராஜ்தான் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் எடுத்த இந்திய அணியின் கோல்கீப்பர்களில் ஒருவர். ஊட்டிக்குச் சுற்றுலா போவதைப் பற்றி வருடா வருடம் ஒரு முழுப் பக்கம் போடுகிறீர்கள். கோடை மலர்க் கண்காட்சியில் எத்தனை ரகப் பூ என்பது எனக்கே மனப்பாடம். தங்கராஜ் பெயரை அதில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பதிலாக உலகக் கோப்பை வந்தால் தவறாமல் வருவது வெறுங்கால் கதை. 1950ல் பிரேசிலுக்குப் போக இந்தியாவுக்கு இடம் கிடைத்ததாம், ஷூ போடாமல் ஆட விடமாட்டோம் என்றார்களாம், கோபித்துக்கொண்டு போகவில்லையாம். இடம் கிடைத்தது உண்மை. பர்மாவும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் விலகியதால் தானாகக் கிடைத்தது. பயணச் செலவில் பெரும்பங்கைப் பிரேசில்காரர்களே தருவதாகவும் சொன்னார்கள். நம் கால்பந்துச் சங்கத்துக்காரர்களுக்கு அன்றைக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையின் மதிப்புத் தெரியவில்லை. அவ்வளவுதான். நிர்வாகிகள் கோட்டை விட்டதை ஆட்டக்காரர்களின் கால்மேல் போட்டு எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். இது பற்றி முன்பே ஒரு கடிதம் போட்டேன். கிணற்றில் போட்ட கல்.

சரி, பனியனுக்கே வருகிறேன். எங்களுக்கு அது வெறும் படம் என்கிறீர்களே, 2018ல் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஜெர்மனி கொடி போட்ட டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று எங்களுக்குப் பிரிந்து வந்தது. நடப்புச் சாம்பியன், எப்படியும் அரையிறுதி வரை போகும் என்று கணக்குப் போட்டு இரண்டாவது லாட்டுக்கும் துணி எடுத்தாயிற்று. ஜூன் 27. தென் கொரியாவோடு ஆட்டம். தொண்ணூறு நிமிடம் தாண்டி, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல். ஜெர்மனி முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. மறுநாளே மீதி லாட் வேண்டாம் என்று தகவல். தைத்து அடுக்கியதை எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டையில் செகண்ட்ஸ் விலைக்குத் தள்ளினோம். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் காங்கேயம் பக்கம் போனால் ஜெர்மனி கொடி போட்ட பனியனில் யாராவது மாடு ஓட்டிக்கொண்டு வருவார். அந்த ஆட்டத்தை நாங்கள் கம்பெனியில் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். கொரியாவின் சோன் ஹியுங் மின் காலிக் கோலில் இரண்டாவதை அடித்தபோது எங்கள் கட்டிங் மாஸ்டர் கை தட்டினார். நஷ்டம் தெரியும், ஆனாலும் தட்டினார். ஆட்டம் என்றால் என்னவென்று தெரிந்தவன்தான் அந்த நேரத்தில் தட்டுவான். உங்கள் செய்தியாளர் அவரைச் சந்திக்க வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் வந்தாலும் நல்லது. வேலைக்கு வந்திருக்கும் வங்காளப் பையன்கள், அசாம், மணிப்பூர் பையன்கள், அவர்களோடு நம் ஊர்ப் பொடியன்கள், செங்கல்லைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடுவார்கள். காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வந்த நைஜீரியாக்காரர்களும் ஒரு காலத்தில் வந்து ஆடினார்கள், அவர்கள் அணியில் சேர்ந்து ஆடப் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். பாவம், இந்த முறை நைஜீரியாவும் உலகக் கோப்பைக்கு வரவில்லை, பெனால்டியில் காங்கோவிடம் போயிற்று. அந்த நைஜீரியாக்காரர்கள் ஆடிய இடத்தில் இப்போது பாதி நேரம் பொருட்காட்சி, மீதி நேரம் லாரி. இந்த ஊரில் ஆடுவதற்கு மண் இல்லை என்று எழுதியிருந்தால் நானே உங்கள் செய்தியாளருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். அவர் எழுதியது ஆளே இல்லை என்று.

இந்தியா ஆடாத போட்டிக்கு உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, நம்ம ஊரு ஆடுதுங்களா? இல்லீல்ல? அப்புறம் எதுக்குங்க நடுச்சாமத்துல டிவி?" பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 48 அணிகள் ஆடுகின்றன. ஈரோடு மாநகராட்சியை விடவும் குறைந்த ஜனத்தொகை கொண்ட குராசோ என்ற கரீபியன் தீவு ஆடுகிறது. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதல் தடவையாக உள்ளே வந்துவிட்டன. நாம் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1, டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கே இல்லாமல் போனோம். அதை மட்டும் நன்றாகப் போட்டீர்கள். 'தலைகுனிவு' என்று கொட்டை எழுத்தில், நடுப்பக்கத்தில் கட்டுரையும் கூட.

2025 ஜூலை 5ல் நம் பெண்கள் தாய்லாந்து மண்ணில் தாய்லாந்தை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். தாய்லாந்து இரண்டு முறை பெண்கள் உலகக் கோப்பையில் ஆடிய அணி. தகுதிச் சுற்றில் ஜெயித்து நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது அதுதான் முதல் தடவை. தங்கள் நாளிதழில் அதற்குக் கிடைத்த இடம் ராசிபலனில் ஒரு ராசிக்குக் கிடைக்கும் இடத்தை விடக் குறைவு. எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் பெண்களில் இரண்டு பேர் பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவர்கள். அந்தச் செய்தியை நான் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும். பேப்பர் தினமும் கம்பெனிக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேட்கப்போவது சின்ன விஷயம்தான். ஆட்ட அட்டவணை போடும்போது நேரத்தோடு தேதியையும் இந்தியக் கணக்கில் போடுங்கள். 2014ல் பிரேசிலும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதி நமக்கு ஜூலை 9 அதிகாலை 1.30 மணி. தாங்கள் ஜூலை 8, 1.30 என்று போட்டீர்கள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் முந்தின ராத்திரியே விழித்திருந்து, விளம்பரமாகப் பார்த்துவிட்டுப் படுத்தோம். அடுத்த ராத்திரி அசதியில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. விடிந்து பார்த்தால் பிரேசில் ஏழு கோல் வாங்கியிருக்கிறது. நூறு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற ஆட்டம்! அதைப் பார்க்க விடாமல் எங்களைத் தூங்க வைத்தது தங்கள் அட்டவணை.

இந்த முறை இன்னும் சிக்கல். தொடக்க ஆட்டம் மெக்சிகோ சிட்டியில் ஜூன் 11 பகல் ஒரு மணிக்கு, நமக்கு ஜூன் 12 நள்ளிரவு 12.30. இறுதி ஆட்டம் நியூஜெர்சியில் ஜூலை 19, நமக்கு ஜூலை 20, அதே 12.30. நைட் ஷிப்ட் ஆட்கள் தங்கள் அட்டவணையைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டித்தான் யார் எந்த ராத்திரி வேலைக்கு வருவது, யார் லீவு என்று பேசி வைக்கிறார்கள். 'வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி' என்று போட்டால்கூடப் போதும். 104 ஆட்டத்துக்கும் போட இடம் இல்லையென்றால் நகைக்கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் நகர்ந்துகொள்வார்.

பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு ஆர்டர் தருகிறவர்களும் தங்கள் வாசகர்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

பி.கு: அந்தக் கட்டுரையில் 'நெசவு இயந்திரத்தில் தொழிலாளி' என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். அது ஓவர்லாக் தையல் மெஷின். பனியன் துணி நெய்வதில்லை, பின்னுவது. திருப்பூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.