பத்தாவதிலிருந்தே 60 வேண்டுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிப்பவன் நான். வேலை தேடி இல்லை. ஐம்பதை நெருங்கிவிட்டேன், குறிச்சி சிட்கோவில் முப்பது பேர் வேலை செய்கிற சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன், எங்கள் லைனில் மற்றவர்கள் யாரை எடுக்கிறார்கள், என்ன சம்பளம் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் படிப்பது. அதில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக்கூடாது. பெரிய ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸில் 'த்ரூஅவுட் 60' என்று கேட்பது ரொம்ப காலமாகத் தெரிந்ததுதான். இப்போது பம்பு கம்பெனி, டெலிகாலர், பைக் லோன் வசூல் வரைக்கும் அதே வரி வந்துவிட்டது. லோன் வசூலுக்குப் போகிற பையன் பத்தாவதில் சமூக அறிவியலில் என்ன வாங்கினான் என்று எதற்குத் தெரிய வேண்டும்?

என் மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ ஃபர்ஸ்ட் கிளாஸ்காரன் தர்மம் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். 57 சதவீதம், செகண்ட் கிளாஸ். பி.இ. மெக்கானிக்கல், 1999இல் முடித்தேன். அப்போது கோவைப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்கள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது அதற்கு அப்புறம். மொத்தம் ஒன்பது அரியர், அதில் ஐந்து முதல் வருஷத்துப் பேப்பர்கள். கிராமத்துப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்த முதல் வருஷம் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விடை தெரியாதது அப்புறம், கேள்வியே புரியவில்லை. கணக்கு எனக்கு வரும், ஆனால் கணக்கைச் சுற்றி எழுதியிருந்த நாலு வரி இங்கிலீஷ் வராது. மூன்றாம் வருஷம் போனபோது அறுபதுக்கு மேல் வாங்க ஆரம்பித்துவிட்டேன், கடைசி வருஷம் இன்னும் மேலே. ஆனால் கூட்டி வகுத்தால் 57தான் வரும். தேறிய பேப்பரை மறுபடி எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ளப் பெரும்பாலும் வழி கிடையாது என்பதால் 18 வயதில் தடுமாறினது கடைசி வரைக்கும் அந்தச் சராசரியில் உட்கார்ந்திருக்கும்.

சரி, இப்போது முதலாளி பக்கம். அந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் தேவை என்று விளம்பரம் கொடுத்தேன். நாலு நாளில் 140 பேரின் பயோடேட்டா வந்து குவிந்தது, பாதி மெயிலில், பாதி வாட்ஸ்அப்பில். ஆபீஸ் பார்த்துக்கொள்கிற பெண், "சார், இதை எப்படிப் பிரிக்கட்டும்?" என்று கேட்டாள். அன்றைக்கு ஒரு டெஸ்பாட்ச் வேறு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அறுபதுக்கு மேல் மட்டும் எடுத்து வைம்மா" என்று சொல்லிவிட்டு ஷாப்புக்குள் போய்விட்டேன். 57 வாங்கினவன் சொன்னது இது! சொன்னபோது எனக்கு உறைக்கவே இல்லை. பாதிக்குமேல் கழிந்தது, வேலை சுலபமாக முடிந்தது.

அந்தக் கோடு இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதுதான் என் அனுபவம். 140க்கே எனக்கு இந்தக் கதி, லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிற கம்பெனி என்ன செய்யும்? சல்லடை வேண்டும், கையில் கிடைத்தது 60. அதுவும் வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை, நம் பல்கலைக்கழகங்களில் 60க்கு மேல் ஃபர்ஸ்ட் கிளாஸ், 50க்கு மேல் செகண்ட், 40க்கு மேல் தேர்ட் என்று இருந்த பழைய கணக்கு. அதைக் கொண்டுபோய் 15 வயதுப் பிள்ளையின் பத்தாவது மார்க் வரைக்கும் நீட்டியதுதான் புதிது.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் பெரிய கஸ்டமர் ஒருவரிடமிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பையன் வந்தான். ஷாஃப்ட் ஒன்றை எடுத்து மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தான், ஓரத்தில் டேப்பர் இருக்கிறது, அதாவது ஒரே கனமாக இல்லாமல் சரிகிறது என்றான். தரம் பார்க்கிற எங்கள் க்யூ.சி. ஆள், டேப்பரே இல்லை என்று சாதித்தான். மறுபடி அளந்தோம், இருந்தது. லாட் முழுக்கத் திரும்பியது, எனக்கு நஷ்டம். டீ குடிக்கும்போது சாவகாசமாகச் சொல்கிறான், "சார், படிச்சு முடிச்சதும் உங்க கம்பெனிக்குத்தான் முதல்ல அப்ளை பண்ணேன், கூப்பிடவே இல்லை." எவ்வளவு மார்க் என்று கேட்டேன். 58.

அப்போதுதான் அந்தப் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் எடுத்த இரண்டு பேருமே 70க்கு மேல். ஒருவன் இப்போதும் இருக்கிறான், தங்கமான பையன், அதையும் சொல்ல வேண்டும். இன்னொருவனுக்கு அளவு பார்க்கிற வெர்னியரைப் பிடிக்கவே பதினைந்து நாள் கற்றுக்கொடுத்தோம், ஏழாம் மாதம் பெங்களூருக்குப் போய்விட்டான். மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் நினைத்த அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்று இருந்தால் போதும், எந்த வகுப்பில் தேறினாய் என்று யு.பி.எஸ்.சி. கேட்பதில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2க்கும் அப்படித்தான். ஜில்லாவை நிர்வாகம் செய்யப் போகிறவனுக்கு இல்லாத கட்டுப்பாடு, வருஷத்துக்கு மூன்று மூன்றரை லட்சம் சம்பளத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கப் போகிறவனுக்கு இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 கேட்கிறார்கள், சரி, பாடம் நடத்துகிறவரிடம் அந்தப் பாடத்தில் மார்க் கேட்பது நியாயம். பத்தாவது மார்க்கை அங்கேகூடக் கேட்பதில்லையே.

இங்கிலாந்தில் இருக்கிற என் கூடப்படித்த நண்பனிடம் இதைப் புலம்பினேன். அங்கேயும் இதே வியாதிதானாம், கோடுகூட அதே 60தான். 70க்கு மேல் ஃபர்ஸ்ட், 60க்கு மேல் செகண்ட் கிளாஸில் மேல் பிரிவு, அதை 'டூ-ஒன்' என்கிறார்கள். 50க்கு மேல் கீழ் பிரிவு, 'டூ-டூ'. அந்த டூ-டூவுக்கு 'டெஸ்மண்ட்' என்று பட்டப்பெயர் வேறு இருக்கிறதாம், தென்னாப்பிரிக்கப் பாதிரியார் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயரை வைத்து. அந்தக் கணக்கில் நானும் ஒரு டெஸ்மண்ட். ரொம்ப காலம் அங்கே பெரிய கம்பெனிகள் டூ-ஒன் இல்லாதவர்களின் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காது. 2022இல் பி.டபிள்யூ.சி. என்கிற பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் பிரிட்டனில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குகிறவர்களின் விகிதம் பத்து வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிப்போன ஊர் அது, எல்லோரும் மேலே நிற்கும்போது கோடு போட்டு என்ன பயன் என்றான் நண்பன். நம் ஊர் காலேஜ்களில் இன்டெர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்பதை நான் இங்கே எழுதினால் வம்பு.

மாணவர்கள் பக்கம் இந்தக் கோடு வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் ஆபீஸில் அது வேலையைக் குறைக்கிற சல்லடை, அவர்களுக்கு அது தலையெழுத்து. என் அக்கா மகள் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தாள், 58. இரண்டு வருஷம் எந்தக் கல்யாணத்துக்கும் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பர்சென்டேஜ்ம்மா?" என்பதுதானே. அப்புறம் எம்.சி.ஏ. சேர்ந்தாள். ஆசையாகச் சேரவில்லை, கீழே இருக்கிற 58ஐ மேலே ஒரு 75 வைத்து மூடிவிடலாம் என்று. 78 வாங்கினாள். கேம்பஸுக்கு வந்த கம்பெனி 'த்ரூஅவுட்' என்றது. த்ரூஅவுட் என்றால் யு.ஜி.யும் சேர்த்துத்தான். இரண்டு வருஷப் படிப்பு, எங்கள் மாமாவின் எல்.ஐ.சி. பணம், எல்லாம் போட்டும் அந்த 58 அங்கேயே இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் எம்.சி.ஏ. மார்க்கை மட்டும் சொல்வாள், நாங்களும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்போம்.

பேக்டோர் ஆசாமிகள் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். இரண்டு லட்சம் கொடு, ஹெச்.ஆரில் ஆள் இருக்கிறது, மார்க் பார்க்க மாட்டார்கள் என்பான். இல்லையென்றால் போலி அனுபவச் சான்றிதழ். நேர்வழியில் கதவைச் சாத்திவிட்டால் நகையை அடகு வைத்து இவனிடம் போகிறவர்கள் எல்லோரும் மோசமான பிள்ளைகள் இல்லை, பயந்த பிள்ளைகள்.

மாணவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. அரியர் வைப்பதைக் கெத்து மாதிரிப் பேசுவது, மீம் போடுவது. 2020 ஆகஸ்டில், பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியர் பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது போஸ்டர் அடித்துக் கொண்டாடினார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. மறுத்தது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, கடைசியில் பரீட்சை எழுத வேண்டிவந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு விலை கொடுத்தது யார் என்றால் அந்த செட்டில் ஒழுங்காகப் படித்த பிள்ளைகள். அடுத்த வருஷமே மதுரையில் ஒரு தனியார் வங்கியின் நேர்முகத் தேர்வு விளம்பரத்தில் 2021இல் முடித்தவர்களுக்குத் தகுதியில்லை என்று வந்தது ஞாபகம் இருக்கிறதா? அச்சுப்பிழை என்று சொல்லித் திருத்தினார்கள். பிழையோ என்னவோ, படித்த எவரும் அதை நம்ப முடியாத செய்தியாக நினைக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இதை ஹெச்.ஆர்.காரர்கள் யாராவது விளக்கினால் தேவலை. கொரோனாவால் 2021இல் பத்தாவது பரீட்சை நடக்கவே இல்லை, எல்லோரும் பாஸ். சான்றிதழில் மார்க் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான். அந்தப் பிள்ளைகள்தான் பன்னிரண்டாவது முடித்து, கல்லூரிக்குள் வந்து, இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆன்லைன் ஃபார்மில் பத்தாவது சதவீதம் என்கிற கட்டத்தில் அவர்கள் எதை நிரப்புவது? அந்த ஒரு செட்டுக்கு அந்த மார்க் இல்லாமல் கம்பெனி நடத்த முடியும் என்றால், மற்ற செட்டுகளுக்கு மட்டும் எதற்கு அது?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், பெரிய கம்பெனிக்கு ஒத்துவருமா என்று கேட்டால் அப்படியே ஒத்துவராது. மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, செமஸ்டர் வாரியாக மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்குகிறேன். முதல் இரண்டு செமஸ்டரில் விழுந்து அப்புறம் ஏறினவன் ஒரு ரகம், நன்றாக ஆரம்பித்துக் கடைசியில் சரிந்தவன் வேறு ரகம், அவனிடம் என்ன ஆயிற்று என்று கேட்பேன். அப்பா இறந்துபோனார் என்று ஒருவன் சொன்னான், கேட்டரிங் வேலைக்கு ராத்திரி போனேன் என்று ஒருவன். "ஜாலியா இருந்துட்டேன் சார்" என்று சொன்னவனும் உண்டு, அவனை எடுத்தேன், நன்றாக வேலை செய்கிறான். அரியரை மறைத்தவனை மட்டும் எடுக்கவில்லை. மார்க்குக்காக இல்லை, ரிஜெக்ட் ஆன பீஸையும் நாளைக்கு இப்படித்தான் மறைப்பான் என்கிற பயம். அப்புறம் ஒரு டிராயிங்கையும் ஒரு பீஸையும் கையில் கொடுத்து, அளந்து எழுது என்று விடுவோம். அரைமணி நேர வேலை. 140 பேருக்கும் இதைச் செய்ய முடியாதுதான், டிராயிங்கை மெயிலில் அனுப்பி நாலு கேள்வி கேட்டால் நாற்பதாகக் குறைந்துவிடுகிறது. மற்றவர்கள் பதிலே போடுவதில்லை.

பெரிய கம்பெனிகளுக்கு ஏற்கெனவே ஆன்லைன் டெஸ்ட் இருக்கிறது, அதற்குப் பிறகு இன்டர்வியூ இரண்டு மூன்று ரவுண்டு இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு டெஸ்ட் எழுதவே விடமாட்டேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. டிகிரிக்கு ஒரு கோடு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் அதில் கட்டித் தொங்கவிடுவதை விட்டாலே பல ஆயிரம் பிள்ளைகள் வாசலையாவது தாண்டுவார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் விளம்பரமும் உங்கள் பேப்பரில் வரும், பணம் கட்டிவிட்டேன். வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுகிற மில்லிங் மெஷின்) செக்‌ஷனுக்கு இரண்டு பேர், டிப்ளமோ அல்லது பி.இ. சதவீதம் எதுவும் போடவில்லை. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் எடுத்து வரவும், அரியர் பேப்பர் உட்பட. வெர்னியர் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
குறிச்சியிலிருந்து ஒரு செகண்ட் கிளாஸ்காரன்,
கோயம்புத்தூர்.