பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டு

சட்ட உதவித் துறை வழக்கறிஞர்களுக்கும் குடும்ப வழக்குகளை எடுத்து நடத்தும் மற்ற வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டக் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். சட்டம் படித்தவனல்லன். ஆனால் செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு எழுதியே தலை நரைத்தவன். சம்பளச் சீட்டு எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்பது தெரியும்.

என் அண்ணன் மகள் மணவிலக்குப் பெற்று, இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகளின் தகப்பன் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். பிள்ளைகளுக்கு மாதம் 700 ரிங்கிட் என்பது முதல் உத்தரவு. பிறகு, வருமானம் விழுந்துவிட்டது என்று சொல்லித் தொகையைக் குறைக்க மனுப் போட்டான். காட்டியது ஒரே ஒரு சீட்டு, பிப்ரவரி மாதத்தினுடையது. 700 ரிங்கிட் 400 ஆனது.

பிப்ரவரியில் செம்பனைக் குலை வரத்து குறைவு, ஆலை பாதி நேரம் தூங்கும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகஸ்ட் தாண்டினால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், ஆலை இரவும் பகலும் ஓடும், ஓவர்டைம் குவியும். அந்தச் சீட்டுகளை அவன் காட்டவில்லை. எங்கள் தரப்பில் யாரும் கேட்கவும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, முந்தைய உத்தரவு தவறான தகவலின்பேரில் பிறந்திருந்தாலோ, சூழ்நிலை பெரிதாக மாறியிருந்தாலோ அதை மாற்றலாம் என்கிறது. ஆண்டுதோறும் வந்துபோகும் மந்த காலத்தைச் சூழ்நிலை மாற்றம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளின் பராமரிப்பைப் பற்றிய 92ஆம் பிரிவும் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டுத் தரவில்லை. பெற்றவரின் வசதியும் வாழ்க்கை நிலையும் பார்க்கச் சொல்கிறது. சூத்திரம் இல்லாத இடத்தில் காகிதம்தானே பேச வேண்டும்?

எந்தக் காகிதம் என்பதில்தான் கிராணிக்கு வேலை. ஊழியர் சேமநிதி அறிக்கையில் தொழிலாளி பங்கு 187 ரிங்கிட் என்றால், 11 விழுக்காட்டுக் கணக்கில் சம்பளம் 1,700 என்று வழக்கறிஞர்கள் முடித்துவிடுகிறார்கள். சேமநிதிக்கு ஓவர்டைம் கணக்கில் வராது. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவுக்கு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் பணம் எட்டிப் பார்க்கும். ஆண்டு முடிந்ததும் முதலாளி தரும், ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் இ.ஏ. படிவத்தையும் கேளுங்கள்.

பிடித்தம் இன்னொரு தந்திரம். கூட்டுறவுக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, முன்பணம் எல்லாம் கழித்துக் கையில் 600 என்று சீட்டு சொல்லும். அவன் விரும்பி வாங்கிய கடன் அது. பிள்ளையின் பால் மாவுக்கு முன்னால் அது ஏன் நிற்க வேண்டும்? சேமநிதி, சொக்சோ போன்ற கட்டாயப் பிடித்தங்களை மட்டும் கழியுங்கள்.

இதே அளவுகோல் தாய்க்கும் உண்டு. என் அண்ணன் மகள் வீட்டில் தைத்துச் சம்பாதிப்பதையும் எழுதத்தான் வேண்டும். அவள் தரப்பு அவனுடைய அக்டோபர் சீட்டை மட்டும் நீட்டினால் அதுவும் அநியாயம்தான். ஆதலால் இரு தரப்பிலும் பன்னிரண்டு மாதச் சீட்டுகள், கூட்டிப் பன்னிரண்டால் வகுத்த சராசரி, இதைத்தான் மனுவோடு இணைக்கச் சொல்கிறேன். வங்கிக் கணக்கறிக்கையும் கூட வந்தால், ஓய்வு நாளில் அவன் லாரி ஓட்டிப் பெறும் கூலியில் கொஞ்சமாவது தென்படலாம்.

தோட்டத்துச் சீட்டின் சுருக்கெழுத்துகள் உங்களுக்குப் புரியாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில்தான் இருப்பேன். கட்டோடு கொண்டு வாருங்கள், வரி வரியாக வாசித்துத் தருகிறேன். காசு வேண்டாம், கண்ணாடியை மட்டும் நினைவாக எடுத்து வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்