என் காலில் குழி பார்த்தவர்களுக்கு நன்றி

வணக்கம். இதில் என் பெயர் இல்லை, உங்கள் பெயர்களும் இல்லை. ஏனென்று உங்களுக்கே தெரியும். மாட்டுத்தாவணியில் மல்லி எடுத்துக் கட்டி விற்கிறவள், செல்லூரில் மாடி வீடு. உங்களுக்கு இந்த அடையாளம் போதும்.

2009இலிருந்து எச்.ஐ.வி.யை அடக்குகிற ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கிற வைரல் லோடு எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை என்றே வரும். எச்.ஐ.வி.யையே அடக்கியாச்சு, இனி என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு ஒரு தெனாவெட்டு. போன ஐப்பசியில் அது இறங்கியது. பதினாலு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்தது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றானது. ஒரு கிளினிக்கில் காட்டினேன். வாய்வு என்றார்கள். சரி, வாய்வுதான் போல என்று நானும் இருந்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன அன்று, கவுன்சிலர் தங்கச்சி, நீதான் பார்த்தாய். "என்னக்கா, செருப்பு வார் காலில இப்படிப் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு நர்சம்மாவைக் கூப்பிட்டாய். அவர் குனிந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி அப்படியே நின்றது. அது நிரம்புவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் காலை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் ஐயா, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதற்கு நன்றி. வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உடம்புக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருக்குமாம். அது ரத்தக் குழாயையும் இதயத் தசையையும் மெல்ல மெல்ல வாட்டுமாம். அதனால் எங்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றீர்கள். பதினைந்து வருஷமாக சி.டி.4 என்கிற எதிர்ப்பு அணுக்களை எண்ணத் தெரிந்த எனக்கு இது தெரியாது.

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கப் போன முதல் இடத்தில், சீட்டைப் பார்த்ததும் கடைசியாக வரச் சொன்னார்கள். மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்படி ஒதுக்கக் கூடாது என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது என்று தங்கச்சி கொதித்தாள். இரண்டாவது இடத்து டெக்னீஷியன் தம்பி, நீங்கள் சீட்டைப் படித்தீர்கள், தலையாட்டினீர்கள், "பசை சில்லுனு இருக்கும்மா" என்றீர்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் இந்த நன்றி.

இதயப் பம்பு நன்றாகத்தான் அடிக்கிறதாம், ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் 56 சதவீதம் வெளியே போகிறதாம். ஆனால் அடித்த பிறகு தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்க மாட்டேன் என்கிறதாம். அதனால்தான் நீர் தேங்கிக் காலில் குழியும் மூச்சடைப்பும்; இதுவும் ஒரு வகை இதயச் செயலிழப்பாம். அடிப்பதை மட்டும் பார்த்திருந்தால் நார்மல் என்று அனுப்பியிருப்பார்கள். பிறகு இதயம் திணறுகிறதா என்று பார்க்க என்.டி. புரோ பி.என்.பி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. 125க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 640. அந்தக் காசைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்த பக்கத்துக் கடை மதினி, பாதியைத் திருப்பிவிட்டேன், மீதி தை பிறந்ததும்.

இப்போது நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்துக்கு டாபாகிளிஃப்ளோசின் ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. கொழுப்பே அதிகமில்லையே, எதற்கு என்று சண்டை போட்டேன். நம் நாட்டவரும் சேர்ந்த 12 நாட்டு எச்.ஐ.வி.காரர்கள் 7,700க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்ததில், அந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியானவை 35 சதவீதம் குறைந்தது என்று 2023இல் வந்திருக்கிறதாம். வாயை மூடிக்கொண்டேன். கருவாட்டை விட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

ஒரே ஒரு மனத்தாங்கல். மாத்திரை வாங்க வருகிற எல்லாரையும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு, காலை ஒரு தரம் அழுத்திப் பார்த்தால் என்ன, காசா பணமா?

அப்புறம், பழைய இரும்புக் கடை அண்ணாச்சி. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பூ நிறுக்கிற தராசில் என்னை நிறுக்க முடியுமா? தினமும் காலையில் உங்கள் எடை மேடையில் ஏறி நிற்கிறேன். எதற்கென்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. "இன்னைக்கு அம்பத்தொண்ணு நானூறும்மா" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு அட்டைக் கட்டைத் தூக்கப் போய்விடுகிறீர்கள்.