இடது காலுக்கு வேலையில்லாத கார்

அன்புள்ள கயலுக்கு,

பழைய காரைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக் வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தாயே, சனிக்கிழமை டாடாவின் எலக்ட்ரிக் கார் டியாகோ இ.வி.யை ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை, சாயங்கால நெரிசலில். நம் செடானில் அந்தத் தூரத்துக்குள் நூறு முறையாவது கிளட்சை மிதிப்பேன். வீட்டுக்கு வந்து படியேறும்போது இடது முழங்கால் விண் விண்ணென்று தெறிக்கும். இதில் இடது காலுக்கு வேலையே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மெதுவாகிறது. அப்போது கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பப் போகிறது. சிக்னலில் நின்றால் சத்தமே இல்லை. அப்பா பேசியது முழுதாகக் காதில் விழுந்தது.

அப்பா கணக்கும் போட்டார். நம் வண்டி ஊருக்குள் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் தருகிறது. இ.வி. ஒரு முழு சார்ஜில் 180 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், அந்தத் தூரத்துக்கு நம் வண்டியில் 1,600 ரூபாய் தாண்டும். இ.வி.யின் பெரிய பேட்டரி 24 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 27 என்று வை. யூனிட் பத்து ரூபாய் ஆனாலும் 270தான். 2022ல் அறிமுகமானபோது 315 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். ஏசி போட்டு 180 வந்தாலே எனக்குப் போதும்.

பயம் வெள்ளம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் செடானில் கால்மிதியைத் தூக்கினால் அடியில் சேறு. ஒரு மாதம் நாற்றம் போகவில்லை. இ.வி.யின் பேட்டரிக்கு ஐ.பி.67 தரம் என்றார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நம் தெருவில் இரண்டு நாள் நின்றதே! எந்தக் காராக இருந்தாலும் மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தப்போகிறேன்.

கும்பகோணம் போவதுதான் இடிக்கிறது. செடான் டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், பாட்டியின் சக்கர நாற்காலி எல்லாம் அடங்கும். இதில் டிக்கி 240 லிட்டர்தான். வழியில் சார்ஜுக்கு ஒரு மணி நேரமாவது நிற்கவேண்டும். அப்பா பழசை விடமாட்டேன் என்பது அதற்காகத்தான். ஆனால் ஊருக்குப் போவது வருஷத்துக்கு மூன்று தடவை, கால் வலிப்பது தினமும். அந்த மூன்று தடவைக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். நம் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் இழுத்து 15 ஆம்ப் பிளக் போட அனுமதி கேட்கப்போகிறேன். கிடைத்ததும் போன் பண்ணுகிறேன். அதற்குள் நிறம் யோசித்து வை.

அன்புடன்,
அம்மா