பல் மருத்துவ உதவியாளருக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தது 2025-இல் செய்தியானபோது மனம் பதறிப்போனது. சலைன் பாட்டிலைச் சிகிச்சைக் கருவியாலேயே திறந்து, சரியாக மூடாமல் அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வில் தெரியவந்தது.

பாட்டிலைத் திறப்பது, கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பது எல்லாம் பல கிளினிக்குகளில் உதவியாளர்களின் வேலைதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்த கையோடு அப்படி ஒரு வேலையில் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் பயிற்சி. நாலாவது மாதமே, டாக்டர் வேறு அறையில் இருக்க, பல் சுத்தம் செய்யும் கருவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாட்டேன் என்றால் வேலை போய்விடும்.

1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டம் செயற்கைப் பல் செய்து தரும் பல் மெக்கானிக்குக்குக்கூடப் பதிவேடு வைத்தது. நாற்காலி அருகே நிற்கும் இந்த உதவியாளருக்கு வைக்கவில்லை. 2023-இல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ், உதவியாளர் எதைத் தொடலாம், எதற்கு மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். அதுவரை, கிளினிக்குகளுக்கு உரிமம் தரும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்கள், ஆய்வுக்குப் போகும்போது உதவியாளரின் பயிற்சிச் சான்றையும் கேட்டுப் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
ஆம்பூர்.